பழைய ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் பேட் (காலில் கட்டும் காப்பு) அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து தம்பி ஒருவர் கேட்கிறார்: 1970களின் தோல் பேட் விலைக்கு வருகிறது, ஆட்டத்தில் கட்டியதுதானா?

முதலில் அதைக் கட்டியதாகச் சொல்லப்படும் ஆட்டக்காரரின் பழைய படங்களைத் தேடுங்கள், தம்பி. தையல், ஒட்டு, வார், பக் (ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டு) பட்ட கறுப்புத் தழும்பு எல்லாம் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். கையெழுத்தை நான் பெரிதாக நம்புவதில்லை; அதை எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

அக்காலப் பேடுக்குள் மான் முடியும் இலவம் பஞ்சும் அடைப்பார்கள். உருகிய பனிநீரை உறிஞ்சி, ஆட்டம் முடிவதற்குள் கனத்துவிடும். நம்ம ரப்பர் தோட்டத்து ஈரக்காற்றையும் அப்படித்தான் குடிக்கும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். மூடிய கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கோல்கீப்பர் முகமூடி என்றால், கனடா கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் 1959 நவம்பர் 1இல் அணிந்த பிறகுதான் அது பரவியது. அதற்கு முந்தையது என்று விற்றால் நன்றாக விசாரியுங்கள்.