கைப்பட்டைக்கு என் மனசு தெரியுமா? ஆட்டிசமும் உணர்வுக் கருவிகளும்: கேள்வி பதில்

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த்காரி. மென்பொருள் சோதிக்கும் வேலை. எனக்கு ஆட்டிசம் இருப்பது முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. உணர்வுகளைக் கண்டுசொல்லும் கருவிகள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

பையனுக்கு 11 வயது. கோபம் வெடிக்கும் முன்பே எச்சரிக்கும் கைப்பட்டை வாங்கலாமா அக்கா? (ஒரு அம்மா, ஃபீனிக்ஸ்)

அந்தப் பட்டைகள் பெரும்பாலும் நாடித்துடிப்பையும் தோலில் ஊறும் வியர்வையையும் அளக்கின்றன. உடம்பு பரபரப்பாக இருக்கிறது என்பதுவரை அதற்குத் தெரியும். கோபமா, குஷியா, பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தானா என்பது தெரியாது. அதிலும் ஜனவரி மாத டர்பன் புழுக்கத்தில் சும்மா நின்றாலே வியர்க்கும்!

தைப்பூசக் காவடி அன்று ஒன்றைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மேளம் எனக்குப் பிரச்சினையே இல்லை. ஒரே தாளம், அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியும். ஆடிக்கொண்டே சந்தோஷமாக நின்றேன். பட்டையோ ‘பதற்றம், பதற்றம்’ என்று பீப் அடித்துத் தள்ளியது. கடைசியில் அந்த பீப் சத்தத்தால்தான் எனக்கு நிஜமாகவே பதற்றம் வந்தது. கழற்றிப் பைக்குள் போட்டேன்.

வாங்குவதற்கு முன் பையனிடமே கேளுங்கள்: எச்சரிக்கை வேண்டுமா, வந்தால் யாருக்கு வரணும், சத்தமாகவா அதிர்வாகவா? டீச்சருக்குப் போகட்டும் என்று அவன் சொல்வான் என எனக்குத் தோன்றவில்லை.

எதிரில் இருப்பவர் முகத்தைக் கேமராவில் பார்த்து ‘கோபம்’, ‘சோகம்’ என்று சொல்லும் செயலி செய்கிறேன். உங்களைப் போன்றவர்களுக்கு உதவுமா? (கணினி மாணவர், உம்ஷ்லாங்கா)

நல்ல எண்ணம்தான் தம்பி, அஸ்திவாரம்தான் ஆட்டம் காண்கிறது. முகத்தை மட்டும் வைத்து உள்ளே இருக்கும் உணர்வை நம்பிச் சொல்ல முடியாது என்று 2019இல் உளவியல் ஆய்வாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் நான்கு சக ஆய்வாளர்களும் விரிவாக எழுதினார்கள். வேலையிடத்திலும் பள்ளியிலும் இப்படி உணர்வை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை போட்டிருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு இரண்டுக்கும் மட்டும் விலக்கு.

அப்புறம், உன் செயலி யாரைத் திருத்தப் பார்க்கிறது? நாங்கள் உங்களைப் புரிந்துகொள்வதில்லை என்பது பாதிக் கதை. நீங்களும் எங்களைப் புரிந்துகொள்வதில்லை என்று ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012லேயே எழுதிவிட்டார். அந்தப் பக்கத்துக்கு யாரும் செயலி செய்யக் காணோம்.

அப்படியென்றால் உங்களை எந்தக் கட்டத்தில் கூப்பிடணும்? (அதே மாணவர்)

முதல் படம் வரைவதற்கு முன்னால். ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டபோது கருவி தயாராகிவிட்டிருந்தது. நான் கருத்துச் சொல்ல மிச்சமிருந்தது பட்டையின் நிறம். நீலம் என்றேன். கையில் ஒரு பரிசுக் கூப்பனைக் கொடுத்து அனுப்பினார்கள்.

‘எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்ற முழக்கத்தை 1993இல் நம் தென்னாப்பிரிக்காவில்தான், மாற்றுத்திறனாளி உரிமைத் தலைவர்கள் மைக்கேல் மசூத்தா, வில்லியம் ரோலண்ட் இருவரும் சொல்லித் தான் முதன்முதலாகக் கேட்டதாக அமெரிக்கர் ஜேம்ஸ் சார்ல்டன் எழுதியிருக்கிறார். நம் வீட்டில் கேட்ட பேச்சை நாமே மறக்கலாமா?

கேள்விகளை முந்தியே அனுப்பு. எழுதிப் பதில் சொல்ல விடு. மினுக்கும் டியூப்லைட் அறை வேண்டாம். மாதிரிக் கருவியை ஒரு வாரம் வீட்டுக்குக் கொடு. மற்ற ஆலோசகருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு.

என் மகள் பேச மாட்டாள். அவளிடம் எப்படிக் கருத்துக் கேட்பது? (லெனேஷியா)

படப் பலகை இருந்தால் அதில். இல்லாவிட்டாலும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். மூன்று நாளும் பட்டையைக் கழற்றி எறிந்தால் அது கருத்து; ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவது தப்பு. உங்களுக்கு அவளை நன்றாகத் தெரியும், கருவி செய்பவர்கள் அதையும் கேட்கட்டும். ஆனால் அவள் நாற்காலியில் உங்களை உட்கார வைக்க வேண்டாம்.

‘என்ன ஃபீல் பண்றே?’ என்று கேட்டால் எனக்குப் பதிலே வராது. செயலியில் ஆறு பொம்மை முகம் காட்டுகிறார்கள். எதைத் தொடுவது? (வயது 19)

எதையும் தொடாதே. தன் உணர்வுக்குப் பெயர் வைக்க முடியாத இந்த நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கும் உண்டு.

என் ஆயா (பாட்டி) ஒருநாளும் ‘எனக்குக் கவலை’ என்று சொன்னதில்லை. வயிறு கலங்குது, நெஞ்சு அடைக்குது, தலை கனக்குது, கை ஓடல கால் ஓடல. இந்த மாதிரி கேட்டால் எனக்குப் பதில் தெரியும்! நண்பர்கள் சிலர் சேர்ந்து செயலிக்குத் திட்டம் போட்டபோது, முகங்களை எடுத்துவிட்டு இந்தச் சொற்களையே வைத்தோம். ‘தெரியல’ என்றும் ஒரு பொத்தான். அதிகம் தொடப்பட்டது அதுதான்.

சேரும் தகவல் எங்கே போகிறது?

வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள். 2021 ஜூலை முதல் முழுதாக அமலில் உள்ள நம் போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம், உடல்நலத் தகவலையும் பிள்ளைகளின் தகவலையும் தனிக் கவனத்தோடு நடத்தச் சொல்கிறது. பதில் சொல்லாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

உங்களுக்கு நிஜமாகவே உதவிய கருவி எது?

ஃபிரிட்ஜ் கதவில் மூன்று நிறக் காந்தம். யோசனை என்னுடையது, செலவு சில ரேண்ட். சிவப்பு ஒட்டியிருந்தால் அம்மா பேச மாட்டார். டீயை வைத்துவிட்டுப் போய்விடுவார். போன வாரம் பார்த்தால், சிவப்பை அம்மாவே ஒட்டியிருந்தார். நான் டீ போட்டு வைத்தேன்.