அக்குவாவுக்கு இன்னொரு பற்றரி பூட்டலாமா?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு ரீச்சர் கேட்டிருக்கிறார். 2013 ஆம் ஆண்டு ரொயோட்டா அக்குவா வைத்திருக்கிறார், பெற்றோல் இஞ்சினும் கறண்ட் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் கார். பாடசாலை 12 கிலோமீற்றர் தள்ளி, போய்வர 24. வீட்டுக் கூரையில் சோலர் இருக்கிறது. "டிக்கிக்குள் வீட்டு சோலருக்குப் பூட்டுகிற லித்தியம் பற்றரி ஒன்றை வைத்து, இரவில் சார்ஜ் போட்டால் பெற்றோலே இல்லாமல் பாடசாலைக்குப் போய்வரலாம் என்று எங்களுடைய மெக்கானிக் தம்பி சொல்கிறார். நம்பிச் செய்யலாமா?" இதுதான் கேள்வி.

செய்யலாம் ரீச்சர். ஆனால் உங்கள் காரை என்னிடம் கொண்டுவந்து கேட்டால் நான் செய்துதர மாட்டேன்.

ஆசையைக் குறை சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் கார்பரேற்றருக்குள் நாலு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டோம். 2022 இல் கியூஆர் காட்டி காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வரிசையில் நின்ற ஞாபகம் இன்னும் காயவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கறண்டில் கார் ஓடும் என்று ஒருவர் சொன்னால் காது நீளத்தான் செய்யும்.

சரி, விசயத்துக்கு வருவோம். உங்கள் காரின் பின் சீற்றுக்குக் கீழே இருக்கிற பற்றரி 144 வோல்ற்று, 6.5 அம்பியர் மணி. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 936 வாற் மணி; ஒரு யூனிற் என்பது 1000, ஆக ஒரு யூனிற் கறண்ட்கூட வராது. அதிலும் முழுவதையும் கார் தொடாது. 40 வீதத்துக்குக் கீழே இறங்கவும் 80 வீதத்துக்கு மேலே ஏறவும் கம்பியூட்டர் விடாது. பயன்படுவது 0.4 யூனிற்றுக்கும் குறைவு, மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று கிலோமீற்றருக்குக் காணும். அது கறண்ட் சேர்த்து வைக்கிற தொட்டி இல்லை, பிரேக் பிடிக்கும்போது வருவதை வாங்கி அடுத்த நிமிடமே திருப்பிக் கொடுக்கிற கிண்ணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் தம்பியின் கணக்கு, கிண்ணத்துக்குப் பக்கத்தில் வாளி ஒன்றை வைத்தால் போதும் என்பது. வீட்டு சோலருக்கு வருகிற லித்தியம் பற்றரி பெரும்பாலும் 48 வோல்ற்று, 100 அம்பியர் மணி, கிட்டத்தட்ட 5 யூனிற் பிடிக்கும். உங்கள் 24 கிலோமீற்றருக்கு நாலு யூனிற் அளவு போதும், ஆக வாளி பெரிதுதான். அதன் வாய்தான் சின்னது. இந்தப் பற்றரிகள் வீட்டில் லைற், ஃபேன், ஃபிரிட்ஜ் ஓடச் செய்தவை. 50 அம்பியரில் நிம்மதியாக ஓடும், அதாவது இரண்டரை கிலோவாற். மட்டமான தார் ரோட்டில் 40, 50 வேகத்தில் போகவே காருக்கு 5 கிலோவாற் அளவு வேண்டும். மதகு மேட்டில் ஏறும்போது, லொறியை முந்தும்போது எவ்வளவு கேட்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

வாயைப் பெரிதாக்கினாலும் அடுத்த சிக்கல், காரின் கம்பியூட்டருக்கு வாளி இருப்பதே தெரியாது. தன்னுடைய பற்றரி சுமார் 20 கிலோவாற்தான் தரும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், ஆகவே அதற்கு மேலே நீங்கள் மிதித்தால் இஞ்சின் ஸ்ரார்ட் ஆகும். 70 கிலோமீற்றர் வேகத்தை நெருங்கினாலும் அப்படித்தான். அது கம்பியூட்டரின் பிடிவாதம் இல்லை, கியர் அமைப்பே அப்படி: இஞ்சின் நிற்க கார் வேகமாக ஓடினால் உள்ளே சின்ன மோட்டார் அளவுக்கு மீறிச் சுழன்றுவிடும். காலையில் முதல் ஸ்ரார்ட்டில் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கருவி சூடாக வேண்டும் என்று கொஞ்ச நேரம் இஞ்சின் ஓடுகிறதே, அதையும் நிற்பாட்ட ஏலாது. கம்பியூட்டரை ஏமாற்றி, 'பற்றரி நிறைய இருக்கு, செலவழி' என்று சொல்ல வைக்கிற கருவிகள் உண்டு, வெளிநாட்டில் ரொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட் காரான பிரியஸுக்கு அப்படிச் செய்து ஓடினவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பெற்றோல் பாதியாகத்தான் குறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை.

பாதி என்றால் எவ்வளவு? உங்கள் கார் லீற்றருக்கு 20 ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 லீற்றர். பாதி மிச்சம் பிடித்தால் 0.6. பாடசாலை வருடத்தில் 200 நாள் சொச்சம், ஆக 120 லீற்றர். அதை இன்றைய பெற்றோல் விலையால் பெருக்கி, தம்பி சொன்ன தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சோலரையும் பெரிதாக நம்பாதீர்கள், வெயில் கொளுத்துகிற நேரம் உங்கள் கார் பாடசாலை வேம்புக்குக் கீழே நிற்கும். சோலர் இல்லாத வீடு என்றால் இன்னும் மோசம்: இந்த சார்ஜால் மாதம் 90 யூனிற் அளவு கூடினால் கறண்ட் பில் மேல் படிக்கு ஏறிவிடும், அங்கே யூனிற் விலையே வேறு.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் நெருப்பு. இரண்டு வருடத்துக்கு முதல் ஒருவர் இப்படிப் பூட்டின காரை, டிக்கிக்குள் ஏதோ கருகிற மணம் வருகிறது என்று கொண்டுவந்தார். கம்பளத்தைத் தூக்கினேன். வீட்டு மீற்றர் பெட்டியில் போடுகிற ட்ரிப் சுவிச் ஒன்றைப் பற்றரி வயரில் பூட்டியிருந்தார்கள், அதன் ஒரு பக்கம் உருகி பனங்கட்டி நிறத்தில் வழிந்திருந்தது. முனையில் இருந்த நட்டை விரலால் தொட்டேன், சாவி இல்லாமலே சுழன்றது. நம்முடைய கிரவல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கித் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த முனை சூடாகும், சூடானால் இன்னும் தளரும். வீட்டுக் கறண்ட் நொடிக்கு நூறு தரம் பூச்சியத்தைத் தொட்டு வருவதால் அந்த ட்ரிப் சுவிச் பொறியை அணைத்துவிடும். பற்றரிக் கறண்ட் அப்படி எங்கும் நிற்காது, பொறி பிடித்தால் பிடித்ததுதான். அதற்கென்று வருகிற சுவிச்சும் ஃபியூஸும் வேறு. 2008 இல் அமெரிக்காவில் இப்படி மாற்றிய பிரியஸ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிந்தது, அங்கேயும் விசாரணையில் கையைக் காட்டியது பற்றரி முனைகளைச் சரியாக இறுக்காததை நோக்கித்தான்.

அப்புறம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் காப்புறுதிக் கொம்பனிக்கும் சொல்லாமல் இப்படி மாற்றினால், நாளை ஒன்று நடக்கும்போது கொம்பனி முதலில் தூக்குவது அந்தக் கம்பளத்தைத்தான்.

உண்மையிலேயே கறண்டில் போகத்தான் ஆசை என்றால் முழுக்கக் கறண்டிலேயே ஓடுகிற பழைய நிசான் லீஃப் ஒன்று பாருங்கள். பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்ட மீற்றரில் 12 கோடு இருக்கும், எட்டுக்கு விழுந்ததை ஒருவரும் தொடமாட்டார்கள், ஆனால் 24 யூனிற் பற்றரி உள்ள லீஃப் எட்டுக் கோட்டிலும் 70 கிலோமீற்றர் அளவு ஓடும். உங்களுக்கு அது தாராளம். யாழ்ப்பாணம், வவுனியா என்று ஓட வேண்டிய ஒரே கார் என்றால் வேண்டாம், அக்குவாவையே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முதல் ஒரு வேலை, காசில்லாதது. பின் சீற்றின் கீழ்ப்பக்கம் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும், சில கார்களில் அதற்குள்ளே மெல்லிய வலையும் இருக்கும். பற்றரியைக் குளிரவைக்கிற ஃபேன் அந்த வழியாகத்தான் மூச்சு விடுகிறது. இங்கே ஓடுகிற கார்களில் துவார மூடியைக் கழற்றினால் செம்மண் தூசியும் தலைமயிரும் பஞ்சு மாதிரிப் படிந்திருக்கும். பற்றரி சூடானால் கார் அதைத் தொடப் பயந்து இஞ்சினையே ஓட்டிக்கொண்டிருக்கும், பெற்றோலும் போகும், பற்றரியும் சாகும். சீற்றில் புத்தகப் பை, சாறிப் பை ஒன்றையும் அந்தத் துவாரத்தை மூடி வைக்காதீர்கள். மூடியையும், வலை இருந்தால் அதையும் தட்டிக் கழுவிக் காயவைத்துப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஓடிப் பாருங்கள், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று எழுதி அனுப்புங்கள்.