துத்தநாகம் டி தொகுதியில் இருந்தும் இடைநிலைத் தனிமம் இல்லையா?

இல்லை. தொகுதி வேறு, இடைநிலை என்ற பெயர் வேறு; பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகின்றன. கடைசி எலக்ட்ரான் எந்த வகை ஆர்பிட்டாலில் (அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் இடம்; எஸ், பி, டி, எஃப் என வகைகள், முன்னால் வரும் எண் கூட்டின் எண்) போய்ச் சேருகிறதோ, அதுதான் தொகுதி. துத்தநாகத்தின் 30 எலக்ட்ரான்களில் 18 ஆர்கானைப் போல அமைகின்றன. பிறகு 4எஸ்-இல் 2, கடைசியாக 3டி-யில் 10. ஆகவே டி தொகுதி.

இடைநிலைத் தனிமம் என்றால், அணுவிலோ, எலக்ட்ரானை இழந்து அது தரும் அயனியிலோ டி ஆர்பிட்டால் அரைகுறையாக நிரம்பியிருக்க வேண்டும். துத்தநாகம் இழப்பது 4எஸ்-இல் உள்ள இரண்டைத்தான். 3டி நிறைந்தபடியே இருக்கும்.

தனிம அட்டவணையில் பக்கத்து வீட்டுத் தாமிரத்தைப் பாருங்கள். அணுவில் 3டி நிறைவுதான், ஆனால் இரண்டு எலக்ட்ரான் போனதும் 3டி-யில் 9 மட்டும். மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டை, தண்ணீரில் கரைத்தால் வரும் நீலம் அந்தக் குறையால்தான். துத்தநாக சல்பேட்டைக் கரைத்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும்.