ஒர்க்‌ஷாப் வாசல் தண்ணீருக்கு மண் தொட்டி போதுமா?

கேள்வி: விளாங்குடியில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மழை பெய்தால் வாசல் தண்ணீர் ஆயில் மினுமினுப்போடு கண்மாய்க்கு ஓடுகிறது. பார்க்க மனசு கேட்கவில்லை. மண் வடிகட்டித் தொட்டி கட்டினால் சரியாகுமா? வாட்டர் சர்வீஸ் தண்ணீரையும் அதிலேயே விடலாமா?

பதில்: மழைத்தண்ணீருக்குத் தாராளமாகக் கட்டுங்கள். வாட்டர் சர்வீஸ் தண்ணீர் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரிவது ஆயில் மட்டும்தான். டயர் தேய்ந்த தூளில் துத்தநாகமும் பிரேக் தூளில் செம்பும் இருக்கும். பெரும்பகுதி தூசியோடு ஒட்டி வருவதால் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். கரைந்து வருவதில் கணிசமான அளவைக் களித்துகளும் மக்கு உரமும் பிடித்துக்கொள்ளும். ஆயிலை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்லத் தின்று தீர்க்கும். அதற்குக் காற்று வேண்டும். அதனால் ஒரு மழைக்கும் அடுத்ததற்கும் நடுவில் தொட்டி வடிந்து காய வேண்டும். உலோகம் அப்படி அழியாது, சேர்ந்துகொண்டே போகும்.

வாசல் 400 சதுர அடி என்றால் தொட்டி 20 சதுர அடி இருக்கட்டும். அடியில் அரை அடி ஜல்லி, மேலே இரண்டு அடிக்குப் பெருமணலும் கொஞ்சம் செம்மண்ணும். கரிசல் கூடவே கூடாது. நனைந்தால் உப்பித் தண்ணீரை அடைத்துவிடும். காய்ந்தால் வெடித்து, அந்த வெடிப்பு வழியே அழுக்கு நேராக இறங்கிவிடும். எம்-சாண்ட் வாங்கினால் தூள் போகக் கழுவுங்கள். மக்கு உரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் அதிலிருந்து கரையும் சத்து கண்மாயில் ஆகாயத்தாமரைக்குத் தீனியாகும். மேலே வெட்டிவேர் நடுங்கள், வேர் மண்ணை இறுகவிடாது.

வாட்டர் சர்வீஸில் ஷாம்பு பட்டதும் ஆயில் பொடிப்பொடியாகச் சிதறித் தண்ணீர் பால் போலாகிவிடும். அது சுலபமாக மிதக்காது, மண்ணிலும் சரியாக நிற்காது. தினமும் ஊற்றினால் தொட்டி காயவும் வழியில்லை. முதலில் கிரீஸை வழித்துத் துணியால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். அந்தத் தண்ணீரைத் தனித் தொட்டியில் தேக்கி, எங்கே விடலாம் என்று மாநகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி ஆசிட் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. புளிப்பு ஏறினால், மண் பிடித்து வைத்த உலோகம் திரும்பக் கரைந்து வெளியே வந்துவிடும். அப்புறம், தொட்டியில் வடியும் தண்ணீரைப் போர்வெல்லுக்குத் திருப்பிவிடாதீர்கள்.

வருஷாவருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துப் புதுமணல் போடுங்கள். சுரண்டிய மண் செடிக்கு ஆகாது. மூட்டையாகக் கட்டி, கழிவு ஆயிலைப் போலவே தனியாக ஒப்படையுங்கள்.