தாப்பாவில் அல்பாகா நடை: வெயிலா, புழுக்கமா?

கேள்வி: மலேசியாவில், தாப்பா பக்கத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் செம்பனையும், விருந்தினர் தங்க ஒரு வீடும் இருக்கின்றன. ஆஸ்திரேலியா போய் வந்த மகள், அங்கே அல்பாகா என்ற கம்பளிப் பிராணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடப்பதற்குக் காசு வாங்குகிறார்கள் என்று படம் காட்டினாள். நாங்களும் இரண்டு வாங்கி, வெயில் ஏறுவதற்குள் காலை ஏழரைக்கே நடையை முடித்துவிட்டால் என்ன? ஆடே போதும் என்கிறார் என் மனைவி.

பதில்: உங்கள் வீட்டுக்கார அம்மா சொல்வதுதான் சரி. நீங்கள் வெயிலைக் கணக்குப் போடுகிறீர்கள். அல்பாகாவைச் சாய்ப்பது புழுக்கம்.

அல்பாகா வளர்ப்பவர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, அதோடு காற்றின் ஈரப்பத விழுக்காட்டைக் கூட்ட வேண்டும். 120க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 150ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 180ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் விடியற்காலை 24 டிகிரி செல்சியஸ், அதாவது 75 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 95. கூட்டினால் 170. பகல் இரண்டு மணிக்கு 33 டிகிரி, அதாவது 91. ஈரப்பதம் 60 என்றால் 151. இது தோராயக் கணக்குதான். வெயில் நேராக முதுகில் விழுவது இதில் சேராது, ஆகவே பகல்தான் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நாள் முழுக்க அந்தக் கணக்கு 150க்குக் கீழே இறங்குவது அரிது.

பெரு, பொலிவியாவில் சுமார் 3,500 மீட்டருக்கு மேலே வாழும் பிராணி இது. அங்கே பகலில் ஏறிய சூட்டை இரவுக் குளிர் இறக்கிவிடும். தாப்பாவில் அப்படி ஓர் இரவு கிடைக்காது. கம்பளியைக் கத்தரித்தாலும் ஓரளவுக்குத்தான் பயன். சூடு வெளியேறுவது முடி குறைந்த வயிற்றடி, தொடையின் உட்பக்கம், கால் இடுக்கு வழியாக. மூச்சிரைத்து நிற்கும் அல்பாகாவுக்கு அங்கேதான் தண்ணீர் அடிக்க வேண்டும். பாவமே என்று முதுகில் ஊற்றினால் நனைந்த கம்பளி சூட்டை உள்ளேயே பூட்டிவிடும். மேலே குளிர்ந்த கேமரன் மலையில், தானா ராத்தாவில் உங்களுக்கு நிலம் இருந்தால் பேச்சு வேறு. அங்கேயும் இரண்டு போதாது, குறைந்தது மூன்று வேண்டும். கூட்டத்திலேயே வாழும் பிராணி. ஒன்று நோயில் படுத்தால் மற்றது தனியாகிவிடும்.

முகக்கயிறு இன்னொரு சிக்கல். மூக்குப் பட்டை கண்ணுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேல் உட்கார வேண்டும். அல்பாகாவின் மூக்கு நுனி வெறும் குருத்தெலும்பு. மூச்சு பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். பட்டை ஒரு விரல் கீழே சரிந்தாலே மூச்சு அடைத்து, மிரண்டு எகிறும். பிடித்திருப்பவர் ‘முரட்டுப் பிராணி’ என்று இன்னும் இழுப்பார், பட்டை இன்னும் சரியும்.

ஆட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூன்று காயடித்த கிடாக்கள் போதும்; காயடிக்காத கிடாவின் நாற்றம் விருந்தினருக்கு ஒத்துவராது. சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவையாக வாங்குங்கள். கழுத்துப் பட்டை ஓர் அங்குல அகலம், உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். கயிறு இரண்டு மீட்டருக்குள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள். ஆடு ஓடினால் விரல் போகும்.

பழக்குவதற்குத் தினமும் பத்து நிமிடம், மூன்று நான்கு வாரம். ஆடு நின்றுவிட்டால் முன்னால் நின்று இழுக்காதீர்கள், அதுவும் எதிர்ப்பக்கம் இழுக்கும். தோளுக்குப் பக்கமாக நின்று, கயிற்றைத் தளர்த்தி, பின்தொடையில் லேசாகத் தட்டுங்கள். நகர்ந்ததும் விட்டுவிடுங்கள். கூட்டத்தில் எது தலைமை தாங்குகிறதோ அதை முன்னால் விட்டால் மற்ற இரண்டும் தானாக வரும்.

புறப்படும் முன் வயிறு நிறையத் தழை போடுங்கள். பசித்த ஆடு நடக்காது, மேயும். அதுவும் பனி ஈரப் புல்லில், குடற்புழுக் குஞ்சுகள் ஏறி நிற்கும் நேரத்தில். வாரம் ஒருமுறை கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கும் புழுவாக இருக்கலாம், மருந்து வேண்டும். வேலியோர உண்ணிச்செடி விஷம், வழியில் இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம். காயடித்த கிடாவுக்கு மூத்திரக் கல் வரும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டால் அன்றைக்கே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள், மறுநாள் வரை தாங்காது.

பாதை ஒன்றரைக் கிலோமீட்டர், நேரம் முக்கால் மணி. ஓர் ஆட்டுக்கு இருவர், மொத்தம் ஆறு பேர். உங்கள் ஆள் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. குழந்தைகளை ஆட்டின் முகத்துக்கு நேரே நிற்கவிடாதீர்கள்; கொம்பு அவர்கள் கண் மட்டத்தில் இருக்கும். வெட்டிப் போட்ட செம்பனை மட்டை அடுக்குகளின் ஓரம் வேண்டாம், முள்ளும் பாம்பும் அங்கேதான். மழை தேங்கிய சேற்றையும் சுற்றிப் போங்கள். மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிஸ் என்ற கிருமி நோய் ஆட்டையும் விடாது, காலில் புண் உள்ள ஆளையும் விடாது. திரும்பியதும் எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். கர்ப்பிணிகளைக் கயிறு பிடிக்கச் சொல்லாதீர்கள்.

பாதை பக்கத்துத் தோட்டத்துக்குள் போகிறதென்றால் முதலில் அனுமதி வாங்குங்கள். பிறகு தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் மருந்து அடிக்கும் நாளையும் எலி மருந்து வைக்கும் நாளையும் கேட்டு, நாட்காட்டியில் குறித்து வைத்துவிட்டுத்தான் விருந்தினருக்குத் தேதி கொடுக்க வேண்டும்.