கேளுங்கள்: ‘நான் செய்யவில்லை’ என்று அவள் சொல்லவே இல்லை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ‘ஆன்டிகனி’ என்ற பழைய கிரேக்க நாடகத்தைப் படித்துவிட்டு இரண்டு நாளாக அதே பேச்சு. கூடப்பிறந்தவனுக்கு மண் போட்டதற்கா இவ்வளவு ரகளை? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மண் போட்டதற்கேதான். தீப்ஸ் நகரத்து அரியணைக்காக ஆன்டிகனியின் சகோதரர்கள் இருவரும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு செத்துப்போக, ஆட்சிக்கு வந்த தாய்மாமன் கிரெயோன், படையெடுத்து வந்த பாலினைசிஸின் பிணத்தை நாயும் பறவையும் தின்னட்டும், அடக்கம் செய்பவருக்கு மரணம் என்று அறிவித்துவிடுகிறான். துரோகியை சொந்த மண்ணில் புதைக்கக் கூடாது என்ற வழக்கம் நாடகம் அரங்கேறிய ஏதென்ஸிலும் இருந்ததுதான், ஆனால் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கலாம். இவன் அதற்கும் வழி வைக்கவில்லை.

எனக்குப் பிடித்த இடம் காவலாளி வந்து சொல்வது. பிணத்தின் மேல் யாரோ தூவியிருந்த மண்ணைத் துடைத்தெடுத்துவிட்டு, நாற்றம் தாங்காமல் காற்று பார்த்து மேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். உச்சிவெயிலில் திடீரென்று ஒரு புழுதிக்காற்று, கண்ணைத் திறக்க முடியவில்லை. அது அடங்கியதும் பார்த்தால், காலியான கூட்டைக் கண்ட பறவை மாதிரிக் கதறிக்கொண்டு ஒரு பெண், கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டு, வெண்கலக் குவளையிலிருந்து இறந்தவனுக்கான படையலை மூன்று முறை வார்க்கிறாள். பிடிக்கிறார்கள். ஆன்டிகனிதான் அது. அவள் பதறவில்லை. தடை தெரியுமா என்று ராஜா கேட்டால், தெரியும், ஊருக்கே தெரியுமே என்கிறாள்!

அப்புறம் கிரெயோன் வாயிலிருந்து வருவதைக் கவனியுங்கள். நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு பெண் என்னை ஆள முடியாது என்கிறான். அதாவது விஷயம் சட்டத்திலிருந்து எப்போதோ நழுவி, யார் பெரியவர் என்பதில் வந்து நிற்கிறது. ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே இல்லை என்று எதிர்த்துப் பேசுகிற ஹேமோன் அவன் மகன்தான், அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. கிரெயோன் கேட்கவில்லை, அவளை உயிரோடு ஒரு குகையில் அடைக்கிறான். மனம் மாறிக் குகைக்கு ஓடும்போது அவள் தூக்கில் தொங்குகிறாள்.

கேள்வி: எழுதியவர் ஆண், நடித்தவர்களும் ஆண்கள். இதில் பெண் குரல் எங்கே வந்தது? (வாசகர், சேலம்)

பதில்: நியாயமான கேள்வி. நம் தெருக்கூத்தில் பெண்வேஷம் கட்டுவதுபோல அங்கேயும் முகமூடி போட்ட ஆண்கள்தான். அந்தக் காலத்து ஏதென்ஸ் பெண்ணுக்கு ஓட்டு கிடையாது, சொத்து விவகாரம் எதுவானாலும் அப்பாவோ கணவனோ முன்னால் நிற்க வேண்டும். அந்த ஊர் மேடையில் கி.மு. 431இல் யூரிப்பிடீஸ் என்ற நாடகாசிரியரின் கதாநாயகி, கணவன் கைவிட்ட மெடியா, ஒரு பிள்ளை பெறுவதைவிடக் கேடயம் பிடித்து மூன்று முறை போர்க்களத்தில் நிற்பேன் என்கிறாள். போரில் நின்ற ஆண்களும் உட்கார்ந்து கேட்ட வசனம் அது. பெண்கள் நாடகம் பார்க்க வந்தார்களா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. அந்த வருட நாடகப் போட்டியில் யூரிப்பிடீஸுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம், போட்டியிட்டவர்களே மூன்று பேர்தான்.

மெடியாவை நாடு கடத்த வருகிற ராஜா பெயரும் கிரெயோன்தான், வேறு ஆள், கொரிந்து ஊர்க்காரர். ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டுக் கெஞ்சுகிறாள். தப்பு செய்கிறேன் என்று தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கொடுக்கிறார். பழிவாங்க அந்த ஒரு நாள் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.