நித்தியகல்யாணியில் பிறந்த ஊசி: வின்கிரிஸ்டின் பற்றிக் கேளுங்கள்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 21 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். அங்கே என் கையில் அதிகம் புழங்கிய மருந்து வின்கிரிஸ்டின். இன்று அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேட்காதீர்கள். அதைச் சிகிச்சை தரும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து இரத்தக்குழாய்க்குள் மட்டும்தான் போக வேண்டும். முதுகுத்தண்டுக்குள் போனால் உயிரைக் கொன்றுவிடும்.

ஒரு தாய், திண்டுக்கல்: சிஸ்டர், என் மகனுக்கு ஆறு வயது, இரத்தப் புற்றுநோய். வாரம் ஒரு முறை "நரம்பு ஊசி" போடுகிறார்கள். இந்த மருந்து நரம்பைப் பாதிக்கும் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் அதை ஏன் நரம்பிலேயே போடுகிறார்கள்?

குழப்பம் நம் பேச்சு வழக்கில் இருக்கிறதம்மா. இரத்தம் ஓடும் சிரையையும் நரம்பு என்கிறோம், மூளையின் கட்டளையைக் கொண்டுபோகும் இழையையும் நரம்பு என்கிறோம். ஊசி போடுவது சிரையில். பாதிக்கப்படுவது அந்த இன்னொரு நரம்பு.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல மிக நுண்ணிய குழாய்கள் வேண்டும். டியூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்துதான் அந்தக் குழாய்கள் உருவாகின்றன. வின்கிரிஸ்டின் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு சேரவிடாமல் செய்கிறது. பிரியத் தொடங்கிய புற்றுச் செல் பாதியில் நின்று மடிகிறது. ஆனால் நரம்பிழைக்குள்ளும் இதே குழாய்கள்தான் பாதை. முதுகிலிருந்து கால் விரல் வரை சரக்கு அந்த வழியாகத்தான் போகிறது. அதனால் நீளமான நரம்புகளே முதலில் அடிபடுகின்றன. விரல் மரத்துப்போகும், பாதம் தொங்கும், பிள்ளையால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. சிலருக்குத் தாடை வலிக்கும், இமை சரியும், குரல் கம்மும். பெரும்பாலானவர்களுக்கு மருந்தை நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சரியாகும். ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை என்று பல சிகிச்சை முறைகள் வரம்பு வைத்திருப்பதும் இந்த நரம்புகளுக்காகத்தான்.

கல்லூரி மாணவி, சேலம்: இரத்தப் புற்றுநோய்க்கு மட்டும்தானா?

இல்லை. ஹாட்ஜ்கின் உள்ளிட்ட நிணநீர்ப் புற்றுகள், குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி, விழித்திரைப் புற்று, தசைப் புற்று எனப் பலவற்றுக்கும் பிற மருந்துகளோடு சேர்த்துத் தருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

ஒரு தந்தை, திருச்சி: நான்கு நாளாக மலம் போகவில்லை. இதுவும் ஊசியாலா?

ஆம், குடலுக்கும் நரம்பு உண்டு. மலமிளக்கியை முதல் ஊசியோடே தொடங்கியிருக்க வேண்டும். இன்றே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஆசனவாய் வழியாக எதையும் நீங்களாகச் செலுத்தாதீர்கள். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் அங்கே ஒரு சிறு கீறல் விழுந்தாலும் கிருமி இரத்தத்தில் கலந்துவிடும். வயிறு உப்பி, வாந்தியும் வந்தால் காத்திருக்க வேண்டாம், குடல் அசைவே நின்றிருக்கலாம். இரவானாலும் கிளம்புங்கள்.

இளம்பெண், கோவை: முடி திரும்ப வளருமா?

வளரும்.

தம்பதி, வேலூர்: காப்பீட்டு அட்டையில் இந்த ஊசிக்குப் பணம் கிடைக்குமா?

மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அது என் துறை அல்ல.

ஒரு தாய், தஞ்சாவூர்: ஒரே வாரத்தில் முதுகு ஊசியும் வருகிறது, வின்கிரிஸ்டினும் வருகிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை அம்மா, கேள்வி கேட்கும் துணிவு வர வேண்டும் என்று எழுதினேன். இரத்தப் புற்றுநோய் மூளைப் பக்கம் ஒளிந்துகொள்ளாமல் இருக்க, மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகளை முதுகு வழியாகப் போடத்தான் வேண்டும். அது சரியான சிகிச்சை. அந்த வழியில் வின்கிரிஸ்டின் தவறிப் போய்விடக் கூடாது. 2001இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில், நோய் கட்டுக்குள் இருந்த 18 வயது இளைஞர் ஒருவருக்கு, முதுகில் போட வேண்டிய மருந்தோடு வின்கிரிஸ்டினையும் முதுகிலேயே போட்டுவிட்டார்கள். கால்களில் தொடங்கிய செயலிழப்பு மேலேறி, ஏறக்குறைய நான்கு வாரத்தில் அவர் இறந்துபோனார். படித்த மருத்துவர்கள் இருவர் அருகில் இருந்தும் நடந்தது அது. அதற்கு முன்பும் பின்பும் பல நாடுகளில் நடந்திருக்கிறது.

இரண்டும் சிரிஞ்சில் வந்தால் கை தவறும். அதனால்தான் 2007இல் உலக சுகாதார நிறுவனம், வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல் சிறு பையில் கலந்து தாருங்கள் என்று எச்சரிக்கை விடுத்தது. 50 மில்லி பையை எடுத்துக்கொண்டு முதுகு ஊசியில் மாட்ட யாருக்கும் கை வராது. எங்கள் வார்டில் இரண்டும் ஒரே நாளில் வராது, ஒரே தட்டிலும் வராது. நீங்கள் கேட்க வேண்டியது இது: "வின்கிரிஸ்டின் பையில் வருகிறதா? முதுகு ஊசி நாளில் அது அறைக்குள் இருக்குமா?" நல்ல செவிலியர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு தந்தை, கடலூர்: ஊசி ஏறும்போது கை எரிகிறது என்று மகள் அழுதாள்.

எரிந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். இதற்கு வெதுவெதுப்பான ஒத்தடம்தான். ஐஸ் கட்டி வைக்கக் கூடாது. சிவப்பு மருந்தான டாக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம் என்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

மூலிகை ஆர்வலர், மதுரை: இந்த மருந்து நம் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பதுதானே? நம் மூலிகையை நமக்கே ஊசியாக்கி விற்கிறார்கள். இலையைச் சாறு பிழிந்து குடித்தால் போதாதா?

இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சாற்றைக் குடித்துவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சுடுகாட்டு மல்லி என்றும் பட்டிப்பூ என்றும் நாம் அழைக்கும் அந்தச் செடி பிறந்தது மடகாஸ்கரில். ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குத் தேநீராகக் குடித்தார்கள். அங்கிருந்து 1952இல் கனடாவுக்கு இலைகள் அனுப்பப்பட்டன. ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற ஆய்வாளர்கள் எலிகளிடம் சோதித்தார்கள். வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்ட எலிகளோ வெள்ளணு குறைந்து, கிருமித்தொற்றில் செத்தன. அந்தச் சாவிலிருந்துதான் இரத்தப் புற்றுக்கு மருந்து இருக்கலாம் என்ற எண்ணமே பிறந்தது. 1958இல் அதே இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற இன்னொரு புற்று மருந்து வந்தது. வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963இல் அனுமதி கிடைத்தது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் அதைவிடவும் அரிது. உங்கள் ஒரு டம்ளர் சாற்றில் அது எவ்வளவு இருக்கும்? செடியில் இருக்கும் மற்ற ஆல்கலாய்டுகள் என்ற வீரியமான வேதிப்பொருள்கள் எத்தனை இருக்கும்? யாராலும் அளந்து சொல்ல முடியாது.

விவசாயி, கோவில்பட்டிப் பக்கம்: குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். நாங்கள் மானாவாரியில் இதைப் பயிர் செய்கிறோம். இலையையும் வேரையும் வியாபாரி எடுத்துப்போகிறார். ஆடு மாடு வாய் வைப்பதில்லை, வேலியே வேண்டாம்.

நன்றி ஐயா, நான் ஒரு பக்கம் எழுதியதை ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் வேரில் இருப்பது அஜ்மலிசின், இரத்த ஓட்டத்துக்கான மருந்து. புற்று மருந்து இலையில் இருக்கிறது.

மூலிகை ஆர்வலர், மதுரை: ஆடு தின்னாத ஆடாதோடையை நாம் குடிக்கவில்லையா? என் பாட்டி பத்துப் பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தே 80 வயது வரை இருந்தார்.

ஆடாதோடை செல் பிரிவதை நிறுத்தாது ஐயா. உங்கள் பாட்டிக்கு என் வணக்கம், ஆனால் அவருக்குப் புற்றுநோய் இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை. நம் மண்ணில் விளையும் செடி உலகத்துக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது என்பதில் எனக்கும் பெருமைதான். அளந்து, சுத்தம் செய்து, இரத்தக்குழாய்க்குள் போடுவதால்தான் காப்பாற்றுகிறது. சாறு குடிக்கிற பிள்ளைக்கு அதே நாளில் கீமோவும் ஏறினால், பக்கவிளைவு எதனால் என்று மருத்துவருக்கே தெரியாமல் போகும். குடிப்பவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

ஒரு தாய், நாகர்கோவில்: மலச்சிக்கலுக்கு என்ன செய்வது?

திருச்சித் தந்தைக்குச் சொன்னதுதான்.

ஒரு மகன், ஈரோடு: அப்பாவுக்கு நிணநீர்ப் புற்று. தொடையில் படர்தாமரை. மருந்துக்கடையில் காப்ஸ்யூல் கொடுத்தார்கள். சாப்பிடலாமா?

பெயரைப் பாருங்கள். இட்ராகோனசோல் என்றிருந்தால் சாப்பிடவே வேண்டாம். வோரிகோனசோல், போசகோனசோலும் அதே வகை. வின்கிரிஸ்டினைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றுகிறது. இந்தப் பூஞ்சை மருந்துகள் அதைத் தடுக்கும். ஒரு ஊசி இரண்டு மூன்று ஊசிபோல உடம்பில் நின்றுவிடும். குடல் அசைவு நின்று, வலிப்பு வரை போனவர்கள் உண்டு. ஏற்கெனவே விழுங்கிவிட்டாரென்றால் அடுத்த ஊசிக்கு முன் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை இருந்தாலும் இதே ஆபத்துதான், அளவைக் குறைக்க வேண்டிவரும்.

ஒரு பாட்டி, புதுக்கோட்டை: பேரனுக்கு மலம் இறுகிவிட்டது. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள் எல்லோரும். மருத்துவர் எழுதித் தரும் மலமிளக்கி மட்டும். விளக்கெண்ணெய் வேண்டாம் அம்மா.

திண்டுக்கல் தாய் மீண்டும்: சிஸ்டர், நாளை ஐந்தாவது ஊசி. இரண்டு நாளாக இடது காலைத் தேய்த்து நடக்கிறான். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்று பயந்து சொல்லவில்லை.

சொல்லுங்கள் அம்மா. அளவைக் குறைப்பார்கள், இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். மற்ற மருந்துகள் என்னவாகும் என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். மறைத்தால் அந்தக் கால் இன்னும் தொங்கிப்போகும், திரும்பி வரவும் நாளாகும். நாளைக் காலை, பையை மாட்டுவதற்கு முன்பே, மருத்துவர் எதிரில் அவனைச் செருப்பில்லாமல் குதிகாலால் நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். அவர் பார்க்கட்டும்.